கேப்டன் மேஜை விருந்து

ஓய்வுபெற்ற மேனேஜர் மூன்றாவது கோட்டையும் திணித்துவிட்டு, மூட மறுத்த பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தார். தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தாகிவிட்டது: சொகுசுக் கப்பலில் முதல் விருந்து கேப்டன் மேஜையில்!

“புதுமாப்பிள்ளை தோத்தான் போங்க!” என்றாள் மனைவி.

“உனக்கென்னடி தெரியும்? கேப்டன் முன்னால கோட்டு இல்லாம நின்னா மரியாதையா இருக்குமா?”

“கிழிஞ்ச பனியனோட அதே கேப்டனை உப்புமூட்டை தூக்கிட்டுத் திரிஞ்சப்ப மரியாதை எங்க போச்சாம்?”

மேனேஜர் பெட்டியின் கொக்கியை நோண்டினார். ‘பொம்பளைப் பிள்ளைக்குக் கடல்ல என்ன வேலை?’ என்று அவர் கத்திய நாளிலிருந்து மகள் அம்மாவிடம் மட்டும்தான் பேசுகிறாள்.

“என்கிட்ட பேசுவாளாடி?”

“டிக்கெட் அனுப்பினவ பேசாம இருப்பாளா? கோட்டு வேணாமாம். அந்தப் பனியனோட வரச் சொன்னா.”

மேனேஜர் துள்ளி இறங்கி அலமாரியைக் குடைந்தார்.

“அங்க தேடாதீங்க. பெட்டியில முதல்ல வச்சதே அதைத்தான்.”