அடுத்த அட்டை

நர்ஸ் பிலோமினா வெளிநாட்டு வேலைக்காக ஆங்கிலப் பரீட்சைக்குப் படித்தபோது, கணவன் அமலன்தான் அட்டை வெட்டிப் பழக்கினான். எழுவாய்க்கு வெள்ளை, பயனிலைக்கு மஞ்சள். அவள் சரியாகச் சேர்த்தால் வாயே திறக்காமல் அடுத்த அட்டையை நீட்டுவான். தவறினால், “மண்டையில என்னடி, களிமண்ணா?” என்று கத்துவான். அவள் பாஸாகி வெளிநாடு போய் இரண்டு வருடமாகிறது. ஃபோனில் மகள் ஜெனியோடு மட்டும்தான் பேசுகிறாள்.

இன்று ஜெனி அந்த அட்டைகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். அமலன் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். ‘மை மதர்’ என்ற வெள்ளையோடு ‘இஸ் கமிங் ஹோம்’ என்ற மஞ்சளைச் சேர்த்துவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

“இது சரியாப்பா?”

பிலோமினாவிடம் ஒரு தடவையாவது வாய்விட்டு ‘சரி’ என்று சொல்லியிருக்கலாம். அடுத்த அட்டை அமலனின் கையிலேயே இருந்தது.