நீலக் கயிறு

குன்றின் உச்சியில் நின்று இட்வல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணிக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

கீழே அபெரிஸ்ட்வித் நகரம் தெரிந்தது. கடலை ஒட்டி வளைந்த நடைபாதை, அது முடியும் இடத்தில் கம்பி வேலி. வேலியருகே ஒரு மஞ்சள் மழைக்கோட்டு. மகள் எலேரிதான்.

"வந்துட்டோம்டா," என்றார் நாயிடம்.

நாய் அவர் காலை ஒட்டி நின்றது. நீலக் கயிறு தொய்ந்து கிடந்தது.

போன குளிர்காலத்தில் இரண்டு முறை மறந்துவிட்டார். முதல் முறை, ரொட்டிக் கடை வாசலில் நாய் பெரோவைக் கட்டிவிட்டு, ரொட்டியோடு வீடு போய்ச் சேர்ந்தார். இரண்டாம் முறை தேவாலய வாசலில். அன்று மழை. அவிழ்க்க வந்தவர்களையெல்லாம் பெரோ பல்லைக் காட்டி விரட்டியது. இரண்டு மணி நேரம் நனைந்துகொண்டு, அவர் போன திசையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தது.

செய்தி கார்டிஃபில் இருக்கும் மகளுக்குப் போனது. எலேரி வந்தாள். தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே அவருக்கு ஒரு அடுக்குமாடி வீடு பார்த்திருந்தாள். நல்ல வீடு. நாய்க்கு அனுமதி இல்லை. பெரோவுக்கு ஒரு பண்ணை பார்த்திருந்தாள்.

தன் ஊரான போர்த்திலிருந்து இங்கே வரை, கடலோரப் பாதை முழுவதும், நாயோடு தனியாக நடந்து காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டியது அவர்தான். மூன்று மணிக்குள் வந்துவிட்டால் அவரும் பெரோவும் போர்த்திலேயே இருப்பார்கள். இல்லையென்றால் கார்டிஃப்.

காலையில் பெரோ படுத்தி எடுத்துவிட்டது. சிப்பி வரைந்த ஒவ்வொரு வழிகாட்டிக் கம்பத்தின் கீழும் காலைத் தூக்கியது. வேலிக்கு அப்பால் ஆட்டுக்குட்டிகளைப் பார்த்துக் கயிற்றை இழுத்தது. சரிவில் அவர் சறுக்கி, ஒரு கையை மண்ணில் ஊன்றினார்.

எதிரே சிவப்புத் தொப்பிப் பெண்மணி வந்தாள். அந்தப் பாதையில் யாருக்கும் யார் பெயரும் தெரியாது. நாய்களின் பெயர் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

"என்ன பெரோ, உன் கிழவரை எங்க இழுத்துட்டுப் போற?"

"இழுக்கலம்மா. எனக்கு வயசாகலைன்னு ஊருக்குக் காட்டுறான்," என்றார் இட்வல்.

அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

வழியில் கிளாராக் என்ற சிற்றூரில் தேநீர் குடித்தார். கடைச் சுவரில் நாய் கட்டுவதற்கு இரும்பு வளையங்கள் உண்டு; ஒன்றில் பெரோவைக் கட்டினார். உள்ளே உட்கார்ந்து, இருப்பதிலேயே இனிப்பான கேக்காகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வெளியே வந்தபோது பாதி நினைவு கடலிலும் பாதி கடிகாரத்திலும் இருந்தது. ஆனாலும் நாயை மறக்கவில்லை. வளையத்திலிருந்து நீலக் கயிற்றை அவிழ்த்தார். அவிழ்த்த கையைத் தானே ஒரு முறை பார்த்துக்கொண்டார். இதற்குத்தானே இவ்வளவும்.

அதற்குப் பிறகு நடை சுகமாக இருந்தது. நாய் இழுக்கவில்லை. கம்பங்களின் பக்கம் திரும்பவில்லை. அவர் நின்றால் நின்றது. பதினோரு வருடத்தில் இன்றைக்குத்தான் பையனுக்குப் புத்தி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

இப்போது பாதை இறங்கி நடைபாதையில் முடிந்தது.

எலேரி கைபேசியில் மணி பார்த்தாள். அவள் முகத்தில் முதலில் ஏமாற்றம் போல ஒன்று வந்தது. பிறகு அது சிரிப்பானது.

"பதினெட்டு நிமிஷம் முன்னாடியே வந்துட்டீங்களேப்பா! சரி, நான் தோத்துட்டேன். பெரோ உங்ககிட்டயே இருக்கட்டும்."

வருடத்துக்கு இரண்டு முறை வருகிறவள். குனிந்து நாயின் தலையைத் தடவினாள். நாய் வாலை ஆட்டியது.

"பாருங்க, இப்பதான் என்னை அண்டவிடுது."

இட்வல் வேலியருகே போனார். இந்த ஊரில் நடந்து முடித்தவர்கள், திரும்புமுன் அந்தக் கம்பியைக் காலால் ஒரு உதை உதைப்பார்கள். ஏனென்று யாரும் கேட்பதில்லை. இட்வலும் உதைத்தார்.

அவர் உதைத்ததும் பெரோ வலது முன்னங்காலைத் தூக்கிக் கம்பியில் வைக்கும். பதினோரு வருடமாக ஒரு முறையும் தவறியதில்லை.

அவர் காத்திருந்தார்.

இன்னொரு முறை உதைத்தார், கொஞ்சம் பலமாக.

நாய் மரியாதையாக அவர் முகத்தைப் பார்த்தது.

அவர் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். மீன்வலையிலிருந்து அறுந்து கரையில் ஒதுங்கும் நீலக் கயிறு. இந்தக் கடற்கரையில் பாதி நாய்களின் கழுத்தில் அதுதான். பாதி நாய்கள் கறுப்பு வெள்ளைதான்.

கிளாராக் பக்கம் வானம் இருண்டிருந்தது. குன்றுக்கு அப்பால் மழை இறங்கிவிட்டது.

ஏறித் திரும்பி நடந்தால் முக்கால் மணி நேரம். இன்னும் கொஞ்சம் காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்றால் எலேரி நம்புவாள். அவளுக்குத் தெரியவே தெரியாது. காரில் என்றால் பத்து நிமிடம், ஆனால் அவளிடம் சொல்லியாக வேண்டும்.

அங்கே கட்டிக் கிடக்கும் பெரோ வேறு யாரையும் கயிற்றைத் தொட விடாது.

"என்னப்பா? மூச்சு வாங்குதா?"

"இல்லம்மா," என்றார் இட்வல். "காரை எங்க நிறுத்தியிருக்க?"