யார் ஜாடை

"அந்த ரெண்டு பல்லையும் கொஞ்சம் ராவி உட்டுருங்க டாக்டர்," என்றான் சசிகுமார்.

நாற்காலியில் எட்டு வயது அபிராமி வாயை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தாள். பால் பல் விழுந்து முளைத்த முன் பற்கள் இரண்டும் அந்தச் சின்ன வாய்க்கு ரொம்ப அகலம். நடுவில் ஒரு சந்து வேறு. வகுப்பில் முயல் என்று பெயர் வைத்தாகிவிட்டது. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். போன மாதம் ஒரு விருந்தில் சசிகுமாரின் பெரியம்மா மயிலாத்தாள், பத்துப் பேர் நடுவில் அவள் தாடையைப் பிடித்துத் தூக்கி, "இந்தப் பல்லு யாராட்டம்? எங்கூட்டுல யாருக்கும் இப்படி இல்லியே" என்று கேட்டாள். அன்றிலிருந்து பிள்ளை பேசும்போதெல்லாம் கை வாய்க்குப் போகிறது.

பதில் தெரியாமலா மயிலாத்தாள் கேட்டாள்? அபிராமி, அவள் அம்மா சீனியம்மாளின் முதல் கணவனுக்குப் பிறந்தவள். அவன் இறந்தபிறகு தேனிப் பக்கத்திலிருந்து பிள்ளையோடு திருப்பூருக்குத் தையல் வேலைக்கு வந்தவளைச் சசிகுமார் கட்டிக்கொண்டான். இரண்டு வருடம் ஆகியும் சொந்தக்காரர்களுக்கு அது ஜீரணமாகவில்லை.

டாக்டர் நிர்மலா ராவ மறுத்துவிட்டார். "நீங்க என்ன வேலைங்க?"

"பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டருங்க."

"அப்ப உங்களுக்குச் சொல்றது சுலபம். இந்தப் பல்லு முளைக்கறப்பவே பெரிய ஆள் சைஸ்லதான் முளைக்கும். அதுக்கப்புறம் வளராது. தாடைதான் வளரோணும். கோரைப்பல் இறங்கறப்ப பெரும்பாலும் இந்தச் சந்தும் தானா மூடிக்கும்."

வளரும் பிள்ளைக்கு ஒரு சைஸ் தள்ளித் துணி எடுப்பதுபோல என்று சசிகுமாருக்குப் புரிந்தது. மனசுதான் ஆறவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு பேசுவது எப்படி இருக்கும் என்று, பைக்கிலிருந்து விழுந்து முன் பல் இரண்டைத் தொலைத்த அவனுக்குத் தெரியாதா?

"அதுக்கு இன்னும் நாலு வருசம் ஆகுமுங்களே. அது வரைக்கும் புள்ள தலையைக் குனிஞ்சுட்டே திரியோணுங்களா?"

அவன் அபிராமியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு ஏதோ பேசினான். டாக்டர் முதலில் முடியாது என்றார், பிறகு சிரித்துவிட்டார். மறுபடி பிள்ளையை உள்ளே கூப்பிட்டு, ரோஸ் கலர் மாவை வாயில் வைத்துப் பல்லுக்கு அச்சு எடுத்தார்.

வீட்டில் அதைக் கேட்டதும் சீனியம்மாள் கொதித்துப் போனாள்.

"ராவக் கூடாதுன்னு டாக்டரே சொன்ன பல்லுக்கு அச்சு என்னாத்துக்கு? உங்க சனத்துக்குப் பயந்து எம்புள்ள பல்லு மேல கைய வச்சீங்கன்னா, நான் ஊரப் பாத்துப் போயிருவேன்."

"நான் யாருக்கும் பயப்படலை. அடுத்த ஞாயித்துக்கெழமை காங்கேயத்துல கல்யாணம். மூணு பேரும் போறோம்."

"அந்தம்மா மறுபடி கேக்கும்."

"கேக்கட்டும். கேக்கறதுக்குத்தான் போறோம்."

ஞாயிற்றுக்கிழமை போகிற வழியில் கிளினிக் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினான். சீனியம்மாள் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அவன் அபிராமியைக் கூப்பிடவே இல்லை. தனியாக உள்ளே போனவன், கம்பெனியில் பஞ்சுத் தூசிக்குப் போடும் மாஸ்க்கோடு திரும்பி வந்தான். தூசி அலர்ஜி என்று கையாலேயே ஜாடை காட்டிவிட்டு வண்டியை எடுத்தான்.

மண்டபத்திலும் மாஸ்க்கைக் கழற்றவில்லை. மயிலாத்தாள் பந்தி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். வாயைப் பொத்தியிருந்த அபிராமியின் கையை ஒரு நொடி விலக்கிப் பார்த்து, சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி ஆரம்பித்தாள்.

"இன்னும் அப்படியேதான் இருக்குது. யாராட்டம்னு அன்னிக்கே கேட்டேன். ஒருத்தரும் சொல்லக் காணமே."

சீனியம்மாள் வாயெடுப்பதற்குள் சசிகுமார் முன்னால் வந்தான். "சத்தமாக் கேளுங்க பெரியம்மா. பந்தியில இருக்கறவங்களுக்கும் கேக்கோணுமில்ல?"

அவன் மாஸ்க்கைக் கழற்றி, அத்தனை பேரையும் பார்த்து வாய் நிறையச் சிரித்தான். இரண்டு வருடமாக வெறும் ஈறாகக் கிடந்த இடத்தில், அபிராமியின் அச்சைப் பார்த்துச் செய்த அகலப் பற்கள் இரண்டும், அதே சந்தோடு, அவன் வாய்க்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன.

"எங்கப்பாவாட்டம்," என்றாள் அபிராமி, கையை எடுத்துவிட்டு.