நாற்காலியில் ஐந்து அரிசி

"ஏனுங்க, இது என்னங்க?"

முனவ்வரா உள்ளங்கையை நீட்டினாள். அதில் ஐந்து அரிசி மணிகள்.

நூர் அகமது கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றினார். ஊட்டி மார்க்கெட்டில் முப்பது வருஷமாக அரிசிக்கடை வைத்திருப்பவரிடம் கேட்கிற கேள்வியா இது?

"அரிசி," என்றார்.

"அது எனக்கும் தெரியுதுங்க. உங்க நாற்காலிக் கம்பளி மேல கெடந்துச்சு. யாரு ஊட்டு பிரியாணி?"

அவருக்கு ரத்தத்தில் சர்க்கரை முந்நூறைத் தாண்டியதும் டாக்டர் சோற்றை நிறுத்தச் சொன்னார். முனவ்வரா ஒரு ஒப்பந்தம் போட்டாள். நாற்பது நாள் ராகிக் களியும் சப்பாத்தியும். சொன்னபடி இருந்தால், அவருடைய அக்கா மகன் உவைஸின் கல்யாணத்தில் ஒரு தட்டு பிரியாணி. இன்று முப்பத்தொன்பதாம் நாள். நாளை கல்யாணம்.

சும்மா இல்லை, அரிசி விற்றுக்கொண்டே அரிசியைத் தொடாமல் இருந்திருக்கிறார். இத்தனைக்கும் ஒரு கிலோகூடக் குறையவில்லை. இதே வீட்டில் நாலு வேளை மீன் தின்கிற பூனை பாதுஷாவோ நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டு போனது. பகலெல்லாம் இவர் நாற்காலியில் தூங்குவதைத் தவிர அது வேறு வேலையும் செய்வதில்லை. மகள் சபீஹா அதைக் கூடையில் போட்டுக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தாள். ஆண்டவன் இரண்டு பேருடைய கணக்கையும் மாற்றி எழுதிவிட்டான் என்பது நூர் அகமதுவின் நெடுநாள் சந்தேகம்.

"சத்தியமா நான் தொடலை, முனவ்வரா!"

"இது சீரகச் சம்பாங்க. நம்ம ஊட்ல பொன்னி மட்டுந்தான். சீரகச் சம்பான்னா பிரியாணி. நாளைக்குக் கல்யாணத்துல உங்களுக்கு ரெண்டு சப்பாத்தி. நானே சுட்டு டப்பாவுல போட்டுட்டு வர்றேன்."

கல்யாணப் பந்தியில் டப்பாவைத் திறந்து சப்பாத்தி தின்கிற காட்சி கண்முன் வந்தது. சம்பந்தி வீட்டார் எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள். நூர் அகமது நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"குடு இப்படி. எங்கிட்டயே அரிசி பேசறியா?"

ஒரு மணியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். விரலால் உருட்டினார். மோந்து பார்த்தார்.

"சீரகச் சம்பாதான். ஒத்துக்கறேன். ஆனா நெறத்தைப் பாரு, லேசா மஞ்சள் அடிக்குது. ரெண்டு வருஷத்துப் பழசு."

"பழைய அரிசியில பிரியாணி பண்ண மாட்டாங்களாக்கும்?"

"பொறு. இப்ப பாரு."

வியாபாரிகள் செய்வதுபோல் அந்த மணியை முன்பல்லில் வைத்துக் கடித்தார். கடக்.

"கேட்டுச்சா? இது வேகாத அரிசி!"

"சோறு காஞ்சு போனாலும் கடக்குங்குமுங்க."

"அங்கதான் தப்புப் பண்றே. வெந்து காஞ்ச சோறு பல்லுல ஒட்டும். இது ஒட்டல." இன்னொரு மணியையும் எடுத்துக் கடைவாயில் போட்டு, கண்ணை மூடி, நிதானமாக மென்றார். முப்பத்தொன்பது நாளுக்குப் பிறகு வாய்க்குள் போன அரிசி. துப்ப மனம் வரவில்லை. "பழசுங்கறதால கொஞ்சம் வாடை இருக்கு. ஆனா என்ன ருசி!"

"அப்ப வேகாத அரிசி நாற்காலிக்கு எப்படிங்க வந்துச்சு?"

"முந்தாநாள் கடையில பழைய மூட்டை ஒண்ணைப் பிரிச்சேன். என்ற ஸ்வெட்டர் மடிப்புல ஒட்டிட்டு வந்திருக்கும். இங்க உக்காந்ததும் உதிர்ந்திருக்கும். அவ்வளவுதான் கேஸு!"

முனவ்வரா கையிலிருந்த மிச்சம் மூன்று மணிகளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். முகம் இளகியது.

"அநியாயமா சந்தேகப்பட்டுட்டேனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க. நாளைக்கு நீங்க நெறைய சாப்பிடுங்க. ரெண்டு தட்டு."

"கால் எலும்போட?"

"கால் எலும்போட."

நூர் அகமதுவுக்கு ஊட்டிக் குளிரே விட்டுப்போனது. கையோடு போனை எடுத்துக் கல்யாண மாப்பிள்ளையையே கூப்பிட்டார். "மாப்ளே உவைஸு! நாளைக்கு சட்டி அடியில இருக்கற கறியை மாமாவுக்குன்னு எடுத்து வெக்கச் சொல்லு. ஆமா, ஜெயிச்சாச்சு! தொழில் தெரிஞ்சவன்கிட்ட ஊட்டுக்காரி மோதலாமா?"

போனை வைக்கும்போது கதவு திறந்தது. சபீஹா கூடையோடு உள்ளே வந்தாள். பாதுஷா குதித்து நேராக நாற்காலிக்கு வந்தது.

"டாக்டர் என்னம்மா சொன்னாரு?" என்றார் நூர் அகமது, நாக்கால் கடைவாயைத் துழாவிக்கொண்டே.

"பயப்பட ஒண்ணுமில்லீங்க, அத்தா. வயித்துல நாடாப்புழுவாம். மாத்திரை குடுத்திருக்காரு, சரியாயிருமாம். அந்தப் புழு துண்டு துண்டா ஒடஞ்சு வெளிய விழுமாம். காஞ்சு போனா அச்சு அசல் அரிசி மாதிரியே இருக்குமாம். பூனை படுக்கற எடத்துல அப்படி ஏதாவது கெடந்துச்சான்னு கேட்டாரு. நீங்க யாராச்சும் பாத்தீங்களா?"

நூர் அகமதுவின் நாக்கு இருந்த இடத்திலேயே நின்றது.

முனவ்வரா கையிலிருந்த மூன்றையும் மெதுவாக ஒரு காகிதத்தில் தட்டிவிட்டு, சிரிப்பை முந்தானையால் பொத்திக்கொண்டு சொன்னாள்:

"ஏனுங்க, இத்தனை நாள்ல நீங்க ஒரு அரிசிகூட வாயில வெக்கலைங்கறதை இப்பத்தானுங்க நான் முழுசா நம்பறேன்!"