எதிர்முனைக் குரல்

"இதையும் அந்த ரூமுக்குள்ள வச்சுக் கதவைச் சாத்துங்க" என்றார் மாமனார்.

கடைக்காரர் அடுத்த ஜோடி ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போனார். லேப்டாப்புக்கு ஸ்பீக்கர் வாங்க வருகிறவர்கள் அதன் முன்னால் உட்கார்ந்து கேட்பார்கள், தலையை ஆட்டுவார்கள், விலையைக் கேட்டதும் ஆட்டுவதை நிறுத்துவார்கள். இந்த மனிதர் மட்டும் ஒவ்வொரு தடவையும் கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டு கேட்கிறார்.

மாமனாருக்கு அது கைவந்த கலை. உத்தியோகத்தில் இருந்தவரை கண்காணிப்புப் பிரிவு அதிகாரி. அடுத்தவர் அறைக் கதவில் காது வைத்தே பதவி உயர்வு வாங்கியவர். ஓய்வு பெற்றபின் அந்தக் காது வேலையில்லாமல் கிடந்தது.

அதற்கு மறுபடி வேலை கொடுத்தவர் அவர் மனைவி.

இவர்களோடு ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதாகச் சொல்லும் மாப்பிள்ளை, காலையில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் சாயங்காலம்தான் வெளியே வருகிறார். உள்ளேயிருந்து "சரி சார்", "ஆமா சார்" என்று அவர் குரல் மட்டும் கேட்கிறது. காதில் எந்நேரமும் இயர்போன். எதிர்முனையில் யார் பேசுகிறார்கள் என்று தெரியாது. யாராவது பேசுகிறார்களா என்பதே தெரியாது.

"ஏங்க, ஆளே இல்லாத ரூம்ல யாரைப் பாத்து 'சார்' போடுறாரு? எனக்கென்னவோ வேலை போயிருச்சுன்னுதான் படுது. நீங்க சல்லடை போட்டுத் தேடின மாப்பிள்ளையாச்சே, நீங்களே விசாரிங்க."

கடைசி வாக்கியம்தான் சுருக்கென்று தைத்தது. மனைவி தலைகீழாக நின்று வேண்டாம் என்று சொல்லியும், இந்த வரனை முடித்தவர் அவர். ஆளைப் பார்த்தாலே எடை போட்டுவிடுவேன் என்று நாலு பேர் நடுவில் மார்தட்டியவரும் அவரே. மாப்பிள்ளைக்கு வேலை போயிருந்தால் மகள் பாடு திண்டாட்டம். இவருக்கோ, ஆயுசு முழுக்கச் சாப்பாட்டோடு சேர்த்து அந்தப் பேச்சும் பரிமாறப்படும்.

அதனால்தான் தன் செலவில் ஸ்பீக்கர். இயர்போன் காதுக்குக் கெடுதல் என்று அக்கறையாக ஆரம்பித்தார். மாப்பிள்ளை மழுப்புவார் என்று எதிர்பார்த்தார். மழுப்பினால் குற்றம் நிரூபணம்.

"நானே வாங்கணும்னு இருந்தேன் மாமா, இன்னைக்கே போலாமா?" என்றார் மாப்பிள்ளை.

அந்த 'இன்னைக்கே'யில் மாமனாரின் சந்தேகம் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது.

கடையில் முதலில் வந்த ஜோடி நிறம் மாறி மாறி மினுக்கியது. கடைக்காரர் பேஸ், ட்ரெபிள் என்று பிரசங்கம் பண்ணினார். கதவுக்கு வெளியே தும் தும் என்ற அதிர்வு மட்டும் வந்தது. அடுத்தது மரப்பெட்டி; தலையணைக்குள் முகம் புதைத்துக்கொண்டு யாரோ பாடுவது போலிருந்தது. இப்போது உள்ளே போயிருப்பது பார்க்கச் சாதுவாக இருந்தது. சாதுவாக இருப்பதாலேயே மாமனார் அதை நம்பவில்லை.

"பாட்டு வேணாம் மாமா. இப்ப எனக்கு ஒரு மீட்டிங் இருக்கு. அதையே போட்டுக் கேட்டுப் பாருங்க" என்று மாப்பிள்ளை லேப்டாப்போடு உள்ளே போனார். கடைக்காரர் வெளியே வந்து வேறு வாடிக்கையாளரிடம் பிரசங்கத்தைத் தொடர்ந்தார்.

கண்ணாடிக் கதவை மறைத்து ஆள் உயர விளம்பரம் ஒட்டியிருந்தது. அதில் ஹெட்போன் மாட்டிய ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். மாமனார் அவள் தோளில் காதை வைத்தார்.

முதலில் யாரோ செருமினார்கள். பிறகு ஓர் அதிகாரக் குரல். போன வாரமே கேட்ட அறிக்கை எங்கே என்று மேனேஜர் வாங்கு வாங்கென்று வாங்கினார். ஒவ்வொரு சொல்லும் கணீரென்று வந்தது.

மாமனாருக்கு வயிறு குளிர்ந்தது. வேலை இல்லாதவனை எந்த மேனேஜர் மெனக்கெட்டுத் திட்டப்போகிறார்? மாப்பிள்ளை திட்டு வாங்குவதைக் கேட்டு இவ்வளவு பூரித்த மாமனார் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

"சாரி சார், நாளைக்குள்ள முடிச்சுடறேன் சார்" என்றது மாப்பிள்ளையின் குரல்.

மாமனார் வெற்றிச் செய்தி சொல்ல மனைவிக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டிருந்தது. காதால் கேட்டதைக் கண்ணாலும் ஒரு முறை சரிபார்ப்பது அவருடைய பழைய பழக்கதோஷம். விளம்பரத்தின் ஓரத்தில் விரலளவு இடைவெளி இருந்தது. அதில் கண்ணை வைத்தார்.

மாப்பிள்ளை அண்ணாந்து பாட்டிலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அவர் குரல் தன் பாட்டுக்கு மேனேஜரிடம் காரணம் சொல்லிக்கொண்டிருந்தது.

தண்ணீர் இறங்க இறங்கத் தொண்டை ஏறி இறங்கியது. பாட்டிலை வைத்துவிட்டு வாயைத் துடைத்தார். "இந்தத் தடவை தவறாது சார்" என்று கெஞ்சியது குரல். வாய் மூடியே இருந்தது. மாப்பிள்ளை ஒரு விரலால் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டு, கதவையே பார்த்தார். பரீட்சை முடிவு ஒட்டுமிடத்தில் நிற்பவர்களுக்கு அப்படி ஒரு முகம் இருக்கும்.

மாமனார் சட்டென்று ஒதுங்கிக்கொண்டார்.

"என்னங்க, எதிர்ல ஆள் பேசுற சத்தம் கேட்டுச்சா?" என்றது போன்.

அவர் விளம்பரப் பெண்ணைப் பார்த்தார். அவள் சிரிப்பில் மாற்றமில்லை.

"கேட்டுச்சு. மேனேஜர் கிழிகிழின்னு கிழிக்கிறாரு. இனிமே அந்தப் பேச்சை எடுக்காத."

போனைப் பையில் போட்டார். கதவின் கைப்பிடியை இரண்டு தரம் சும்மா ஆட்டினார். பலமாக இருமினார். உள்ளே குரல் அடங்கும்வரை, செருப்பில் ஏதோ ஒட்டியிருப்பதுபோல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கதவைத் திறக்காமலே கடைக்காரரைக் கூப்பிட்டார்.

"இது பத்தாதுங்க. சமையலறை வரைக்கும் தெளிவாக் கேக்குற மாதிரி ஒண்ணு எடுங்க."