அண்ணனின் கொட்டாப்புளி

அண்ணன் பட்டறைக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கொட்டாப்புளியைக் கையில் எடுத்தான்.

எனக்குப் பகீரென்றது. வாயைத் திறந்துவிடாதே என்று சைகை காட்டினேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா படுத்திருந்தார். அப்போது அவருக்குக் கண் பார்வை போய் நான்கு வருடம். காது மட்டும் பாம்புக் காது.

கிரிக்கெட் மட்டையைச் செதுக்கி எண்ணெய் பூசிவிட்டால் வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். பந்தைத் தாங்க அதைப் பழக்க வேண்டும். கொட்டாப்புளி என்கிற அந்த மரச்சுத்தியால் ஐந்தாறு மணி நேரம் தட்ட வேண்டும். அவசரப்பட்டால் விளிம்பு பிளந்துவிடும்.

தட்டுவது யார் என்று சத்தத்தை வைத்தே அப்பா சொல்லிவிடுவார். அண்ணனுடையது மூன்று தட்டு, ஒரு மூச்சு, மறுபடி மூன்று.

அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. தட்டுவதற்கு ஒரு மெஷின் வாங்கலாம் என்று அண்ணன் ஒருநாள் சொல்லப்போக, வார்த்தை தடித்துவிட்டது. மூன்று வருடம் ஒரே வீட்டில் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார்கள். நடுவில் நான்தான் தபால்காரி.

பிறகு அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் வெளியூரில் ஒரு கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். அப்பாவுக்குத் தெரிந்தால் தாங்க மாட்டார் என்று அம்மா அழுதாள். பேசாதவர்களிடம் ஒரு வசதி, குரல் தேவையில்லை. சத்தம் இருந்தால் போதும்.

அதுவரை என் வேலை கைப்பிடிக்கு நூல் சுற்றுவது மட்டும்தான். மூன்று தட்டு, ஒரு மூச்சு, மறுபடி மூன்று. ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் அப்படி ஓடியது. இப்போதும் ஆளிவிதை எண்ணெய் வாசனை வந்தால் அந்த நாட்கள் அப்படியே கண்முன் வந்து நிற்கின்றன. சாயங்காலம் காப்பி கொண்டுபோவேன். விளிம்பில் கை இப்போதுதான் பதமாக விழுகிறது, அவனிடம் சொல் என்பார் அப்பா. நம் வீட்டில் இப்படித் தட்ட இதுவரை ஆள் இல்லை என்று ஒருநாள் சொன்னார்.

சரிப்பா என்பேன். அவருக்குத் தெரியப்போவதில்லை என்ற தைரியத்தில் அங்கேயே நின்று கொஞ்சம் அழுதுவிட்டு வருவேன். கை காய்த்துப்போனது எனக்கு, நல்ல பெயர் அவனுக்கு. ஓடிப்போனவன்மேல் அப்படி ஒரு பொறாமை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அன்றைக்கு லீவில் வந்தவன், நான் பாதியில் வைத்திருந்த மட்டையை மடியில் சாய்த்துத் தட்டத் தொடங்கினான்.

மூன்று தட்டு, ஒரு மூச்சு, மறுபடி மூன்று.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவன் தட்டு, அவனே தட்டுகிறான். இதில் மாட்டிக்கொள்ள என்ன இருக்கிறது? அம்மாகூடச் சிரித்தபடி காப்பி போடப் போனாள்.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. அப்பா எழுந்து உட்காருகிறார்.

"வந்தவனை முதல்ல சாப்பிடச் சொல்லு பாப்பா. அந்த மட்டையை நீயே தட்டு, அவன் விளிம்பை உடைச்சிடப் போறான்."