ஒரு நெஞ்சளவு

“வழிகாட்டி முந்திட்டார். இந்த வெற்றி செல்லாது.”

சொல்லிவிட்டு நடுவர் போய்விட்டார். நான் ஏதாவது கேட்டுவிடுவேனோ என்று பயந்தவர் மாதிரி அவர் காலடிச் சத்தம் அவசரமாக நகர்ந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஓடியது நான். கண் தெரியாத எனக்கும் கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிவிட்டார்கள், விதியாம். சரி என்று அதையும் கட்டிக்கொண்டு ஓடினேன். பாலத்து மேட்டில் மூச்சு முட்டியது எனக்கு. கால் நகம் பெயர்ந்தது எனக்கு.

என் அண்ணன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எங்கள் இரண்டு பேர் கையையும் சேர்க்கிற கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே ஓடிவர வேண்டும், கடைசிக் கோட்டில் என்னை முன்னால் விட வேண்டும். வழிகாட்டி ஒரு விரற்கடை முந்தினாலும் எல்லாம் பாழ்.

அது அவனுக்குத் தெரியாததா? எத்தனை போட்டிகளில் என்னோடு நாலாவதாகவும் ஆறாவதாகவும் வந்திருக்கிறான்! கோடு நெருங்கியதும் அவன் கை தளரும், நான் முன்னால் போவேன். ஒருநாளும் பிசகியதில்லை.

இன்றைக்குப் பார்த்து நெஞ்சை நீட்டிவிட்டான்.

இன்று முதலில் வருகிறவள்தான் நாட்டு அணிக்குப் போவாள். ஒரே ஓர் இடம். எனக்கு முப்பத்தெட்டு வயதாகிறது, அடுத்த தேர்வு வரைக்கும் என் முட்டி என் பேச்சைக் கேட்காது.

கூடாரத்துக்குள் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். நான் தண்ணீர் குடிப்பேனா என்று ஒருத்தி அண்ணனிடம் கேட்டாள். கண் போனால் காதும் வாயும் கூடவே போய்விடும் என்று இவர்களுக்கு யார்தான் சொல்லிக்கொடுத்தார்களோ! பாட்டிலை நானே பிடுங்கிக்கொண்டேன்.

வெளியே ஒலிபெருக்கியில் எனக்குப் பின்னால் வந்தவளின் பெயரைக் கூப்பிட்டார்கள். கைதட்டல் கேட்டது. எனக்காகத் தட்ட ஆரம்பித்து நடுவில் நிறுத்தியவர்களேதான் இப்போது அவளுக்கும் தட்டினார்கள்.

அண்ணன் எதிரில் உட்கார்ந்திருந்தான். கயிற்றின் மறுமுனையை இன்னும் விடவில்லை.

வாயில் வந்தபடி திட்டினேன். பாவி, என் வாயில் மண்ணை அள்ளிப் போட்டாயே என்று கத்தினேன். அவன் திருப்பிக் கத்தினாலாவது எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

சுற்றியிருந்தவர்கள்தான் அவனுக்காகப் பரிந்துகொண்டு வந்தார்கள். அவர் பெரிய பெரிய ஓட்டக்காரர்களோடு ஓடினவராச்சே, பழக்க தோஷம், நெஞ்சு தானாக முன்னால் போயிருக்கும் என்றார் ஒருவர். மற்றவர்கள் ஆமாம் போட்டார்கள்.

யாருடைய பழக்கத்துக்கு யார் பலி? எனக்கு இன்னும் எரிந்தது.

எல்லாரும் போன பிறகுதான் அண்ணன் பேசினான்.

“ரிப்பன் பிடிச்சிருந்தாங்கம்மா... நேரா என் நெஞ்சுக்கு வந்துச்சு.”

முதலாவதாக வருகிறவர்களுக்குத்தான் கோட்டில் ரிப்பன் பிடிப்பார்கள். நானும் அவனும் இதுவரை முதலாவதாக வந்ததில்லை.

கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தேன்.

பெரிய ஓட்டக்காரர்களோடு ஓடினான் என்பது உண்மைதான். அவர்களுக்கு வேகம் பிடித்துக் கொடுக்கத்தான் அவனைக் கூப்பிடுவார்கள். முன்னால் ஓடி, எதிர்க்காற்றையெல்லாம் தான் வாங்கிக்கொண்டு, முக்கால்வாசித் தூரம் அவர்களை இழுத்துப் போக வேண்டும். அதற்குப் பிறகு ஓரமாக ஒதுங்கி நின்றுவிட வேண்டும். அதுதான் பேச்சு. தலை நரைக்கிற வரைக்கும் அந்த வேலையைத்தான் பார்த்தான்.

பழக்க தோஷமாம்!

ரிப்பன் இருக்கிற இடம் வரைக்கும் அவனை ஒருத்தனும் ஓட விட்டதே இல்லை.